நாலு பூச்சுக்குக் கீழே ஒரு தகரம்

பழைய காருக்கு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறீர்களா? தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மேல் பெயின்ட் பால் மாதிரிக் கரைந்து வழியும். கொஞ்ச நேரத்தில் கீழே இருக்கிற நிறம் எட்டிப் பார்க்கும். இன்னும் தேய்த்தால் அதற்கும் கீழே இருக்கிறது. கடைசியில் நடுவில் இரும்பு தெரியும்போது, அதைச் சுற்றி எல்லா நிறமும் வளையம் வளையமாக நிற்கும்.

போன விடுமுறைக்கு ஹட்டன் பக்கம் மாமா வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கராஜ். அதற்குள் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று, சீட்டெல்லாம் கழற்றி, கல்லு வைத்து நிற்கிறது. அதன் இடது பக்கத்து மட்காட்டில் நான் எண்ணியது நாலு வளையம். வெளியே வெள்ளை, பிறகு நீலம், பச்சை, கடைசியில் சாம்பல்.

காரை வாங்க ஒருத்தர் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். நல்ல விலையும் சொன்னார். அவர் கேட்டது ரெண்டே கேள்விதான். "முதல் ஓனர் வெள்ளைக்காரத் துரைதானே?" "பொடி ஒரிஜினலா?"

முதல் கேள்விக்கு மாமா வண்டிப் புத்தகத்தைக் காட்டினார். துரையின் பெயர் அதில் அழகாக எழுதியிருக்கிறது. ரெண்டாவது கேள்விக்கு மாமா பதில் சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். ஏனென்றால் டிரைவர் சீட்டுக்குக் கீழே, தரையில், ஒரு தகரம் இருக்கிறது. அது மொரிஸ் கம்பனி வைத்த தகரம் இல்லை. என் தாத்தா வைத்தது.

நான் கம்பஸில் வரலாறு படிக்கிறவள். மாமா சொல்லாத அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். வெளியிலிருந்து உள்ளே, தேய்த்த வரிசையிலேயே போகலாம்.

வெள்ளை

மேலே இருக்கிற வெள்ளை மாமா அடித்தது. கல்யாண ஹயர் ஓடுவதற்காக. பொனட்டில் பூ கட்டி, மாப்பிள்ளை பொண்ணை ஏற்றிக்கொண்டு ஹட்டன், டிக்கோயா, கொட்டகலை என்று நல்லாத்தான் ஓடியது. கொரோனாவுக்குப் பிறகு கல்யாணமே சிறுத்துப்போனது. 2022 இல் பெட்ரோல் வரிசை வந்தபோது மாமா காரைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்.

ஆனால் கார் உள்ளே நிற்க நிற்க அதன் விலை ஏறியது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 இல்தான். நடுவில் கிடந்த ஐந்து வருஷத்தில் நாட்டில் எந்தப் பழைய வண்டிக்கும் மவுசு வந்துவிட்டது.

இலங்கைக்கு இது புதுசும் இல்லை. 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி தட்டுப்பாடு வந்து, கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு போட்டார்கள். 1970க்குப் பிறகு இன்னும் இறுக்கினார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் ஜப்பான் வண்டிகள் கொட்டத் தொடங்கின. அதனால் 1950களில் கப்பலில் வந்து இறங்கிய மொரிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ ஃபோர்ட்டியும் இங்கே சாகவே கூடாத வண்டிகள் ஆகிவிட்டன. வேறு நாட்டில் பழைய இரும்புக்குப் போயிருக்கும் கார், இங்கே முப்பது நாற்பது வருஷம் வாடகைக்கு ஓடியது. நம்ம நாட்டுப் பழைய கார்ப் பாசத்துக்குப் பின்னால் ரசனை மட்டும் இல்லை, வேறு வழி இல்லாமையும் இருக்கிறது.

மொரிஸ் மைனர் அதற்குத் தோதான வண்டியும்கூட. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள நாலு மட்காட்டும் போல்ட்டில் நிற்கிறது. அடிபட்டால் ஸ்பேனர் எடுத்துக் கழற்றி, தட்டி, திரும்பப் பூட்டலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் காருக்கு லொறிக்கு இருக்கிற மாதிரித் தனிச் சட்டம் கிடையாது. பொடிதான் சட்டம். கதவுக்குக் கீழே ஓடுகிற 'சில்'லும், கால் வைக்கிற தரையும், குறுக்குத் தகடும்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. மலைநாட்டு ஈரம் உள்ளே புகுந்தால் அவைதான் முதலில் உக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே விரலால் குத்தினால் ஓட்டை விழும்.

மாமா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது: "வெட்டுறதுக்கு முன்னாடி கட்டணும் புள்ள." உக்கின சில்லை கிரைண்டரால் வெட்டுவதற்கு முன், கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து வெல்டிங் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பூட்டாது. ரெண்டு கதவுக்கும் கட்டினோம். அதற்குப் பிறகுதான் தேய்க்கவே விட்டார்.

நீலம்

வெள்ளைக்குக் கீழே வந்த நீலம் வித்தியாசமானது. மற்ற மூன்றும் ஸ்ப்ரே. இதில் மட்டும் பிரஷ் கோடு தெரிகிறது. விரல் வைத்தால் மயிர் மயிராகத் தட்டுப்படும்.

"இது யாரு மாமா இப்படி அடிச்சது?"

"அப்பாதான். எம்பத்தி மூணு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மீதியை அம்மாயிதான் சொன்னார். 1983 ஜூலைக் கடைசி வாரம். கொழும்பில் தொடங்கியது மலையகத்துக்கும் வந்தது. நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. ரோட்டில் வண்டியை மறித்து, யாருடைய வண்டி என்று பார்த்துக் கொளுத்தினார்கள். தாத்தா அப்போது ஹட்டனில் ஒரு முதலாளியின் காரை ஹயர் ஓட்டிக்கொண்டிருந்தார். இதே கார்தான், அப்போது பச்சை நிறம். பச்சை மொரிஸ் என்றால் டவுனில் எல்லோருக்கும் தெரியும்.

செய்தி வந்த அன்று ராத்திரி அவர் காரைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய், தேயிலை ஃபெக்டரி விறகுக் கொட்டகைக்குள் தள்ளி, நாலு டயரையும் கழற்றிவிட்டார். மேலே கவ்வாத்து மிலாறு அள்ளிப் போட்டு மூடினார்கள். அம்மாயியும் பக்கத்து லயத்துப் பெண்களும் அடுப்புக்குச் சேர்த்து வைத்திருந்த மிலாறுதான். "அந்த வாரம் எங்க அடுப்புல வைக்க ஒரு குச்சி இல்லம்மா. எல்லாம் கார் மேலதான் கெடந்துச்சி." மூன்று வாரம் கழித்து வெளியே எடுத்தபோது தாத்தா செய்த முதல் வேலை, பச்சை தெரியாமல் நீலம் அடித்தது. லயத்துக் கதவுக்கென்று வந்த பெயின்டில் மிச்சம். ஸ்ப்ரே அடிக்க யாரிடமும் கொண்டுபோகப் பயம்.

வண்டியின் நிறம் புத்தகத்தில் பதிவு செய்யப்படுகிற ஒன்று. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நம்ம காரின் புத்தகத்தில் நீலம் என்ற சொல் எந்த இடத்திலும் இல்லை. அந்த ஜூலையில் இந்தக் காருக்கு என்ன நடந்தது என்பதற்கு மட்காட்டில் இருக்கிற பிரஷ் கோடுதான் சாட்சி.

புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1989 இல் கார் தாத்தாவின் பெயருக்கு மாறியிருக்கிறது. முதலாளி ஊரை விட்டுப் போகும்போது, இத்தனை வருஷம் ஓட்டினவனுக்கே கொடுத்தார், தவணையில். ஆனால் அந்த வருஷம் ஏன்? 1988 இல்தான் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. தாத்தாவுக்குத் தாள் கிடைத்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்பே முதலாளி ஒருதரம் கேட்டாராம், "ஒன் பேருக்கு மாத்திக்கிறியா?" என்று. தாத்தா வேண்டாம் என்றிருக்கிறார். "எனக்கே பேரு பதியல, காருக்கு எதுக்கு?"

இந்தத் தீவில் பிறந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே உழைத்த மனுஷன். அவரை விட அவர் ஓட்டிய காருக்கு முப்பது வருஷம் முன்னால் பதிவு கிடைத்துவிட்டது.

பச்சை

பச்சை 1970களின் நிறம். புத்தகப்படி அதற்குள் கார் மூன்று கை மாறியிருக்கிறது. துரை ஊருக்குப் போகும்போது தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு விற்றார். கிளாக்கர் 1972 இல் ஹட்டன் முதலாளிக்கு விற்றார். அதே 1972 இல்தான் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைமாரில் கடைசியாக இருந்தவர்களும் கிளம்பினார்கள். பங்களா போர்டிகோவில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக டவுன் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தன. எனக்கு இது ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்: ஒரு வர்க்கம் இறங்குகிறதை அதன் கார்கள் எங்கே போய் நிற்கின்றன என்பதிலும் பார்க்கலாம்.

காரோடு சேர்ந்து தாத்தாவும் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தார். பையனாக ஃபெக்டரி லொறியில் க்ளீனர். பிறகு ஃபெக்டரி வேர்க்‌ஷொப்பில் கையாள். அங்கே வேலை கற்றுக்கொடுத்தது அவருடைய அண்ணன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். தோட்டம் என்றால் கொழுந்து, கூடை, மட்டக்குச்சி என்றே நமக்குப் படம் ஓடும். ஆனால் ஒரு தேயிலை ஃபெக்டரி என்பது மலை மேல் வைத்த இயந்திரசாலை. கொழுந்தை உருட்டுகிற ரோலர், காய வைக்கிற ட்ரையர், கூரைக்கடியில் சுழல்கிற நீண்ட தண்டு, அதிலிருந்து இறங்குகிற பெல்ட், இவற்றில் பல இங்கிலாந்திலிருந்தும் பெல்ஃபாஸ்ட்டிலிருந்தும் வந்தவை. கோப்பிக் காலத்திலேயே, 1854 இல், கோப்பி உரிக்கும் இயந்திரங்களுக்காகக் கண்டியில் ஜோன் வோக்கர் தொடங்கிய பட்டறைதான் பின்னர் நாட்டின் பெரிய இயந்திரக் கம்பனிகளில் ஒன்றானது. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் ட்ரையர் தகடு ஓட்டையானால் கண்டியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஃபெக்டரியில் இருக்கிறவன்தான் தகரத்தை வெட்டி, மடித்து, ஆணி அறைந்து, ஈயம் பற்ற வைத்து அடைக்க வேண்டும். மலையகத்தில் தகர வேலை கற்றுக்கொண்ட கைகள் பல இப்படி வந்தவை. பின்னாளில் டவுன் கராஜ்களில் 'டிங்கர் பாஸ்' என்று பெயர் எடுத்தவர்களில் சிலருக்கு முதல் பள்ளிக்கூடம் தேயிலை ஃபெக்டரி.

தாத்தாவின் அண்ணன் இப்போது படத்தில் இல்லை. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது, தாத்தா இங்கே இருக்க மனுப்போட்டார். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து நீலகிரி, அங்கேயும் தேயிலைதான். தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியவர்களுக்காக அங்கே தோட்டங்களைத் திறந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டது இந்தக் கார்தான். ரெண்டு நடை. முதல் நடையில் பெட்டிகள், ரெண்டாவது நடையில் ஆட்கள். "அண்ணே இறங்குறப்ப கதவத் தட்டிப் பாத்துச்சாம். 'இன்னும் சத்தம் வருதுடா, ரப்பர் மாத்து'ன்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறிச்சாம்" என்று அம்மாயி சொன்னார். கடிதம் கொஞ்ச வருஷம் வந்தது. பிறகு நின்றது.

சாம்பல்

அடியில் இருக்கிற சாம்பல் கம்பனி நிறம். இங்கிலாந்தில் ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் கௌலி ஃபெக்டரியில் அடித்தது. கொழும்பிலிருந்து வந்தவர் தேடியது இதைத்தான். மட்காட் மூலையில் அந்தச் சாம்பலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன்.

மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னால் மினி காரையும் வரைந்தவர். 1906 இல் ஸ்மேர்னாவில் பிறந்தார், இன்று துருக்கியில் இஸ்மிர் என்கிற ஊர். 1922 இல் போர் வந்து அந்த நகரம் எரிந்தபோது பல இலட்சம் மக்கள் கரையில் தவித்தார்கள். இஸிகோனிஸ் குடும்பத்தைப் பிரித்தானியக் கப்பல் மோல்டாவுக்கு ஏற்றிச் சென்றது. காரணம், கிரேக்க வம்சத்தவரான அவருடைய அப்பாவிடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்தது. அப்பா மோல்டாவிலேயே இறந்துபோனார். மகனும் அம்மாவும் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஒரு தாள் இருந்ததால் பிழைத்தவர் வரைந்த கார், தாள் இல்லாத ஒரு மனுஷனின் கைக்கு வந்து சேர்ந்தது. படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கார் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது 1948 ஒக்டோபரில். அடுத்த மாதம், நவம்பர் 15 இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்பா இங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் எந்தப் பிறப்புப் பத்திரம் இருக்கும்? 1949 இல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. வாக்குரிமையும் போனது.

நம்ம காரில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. இலக்கத் தகடு. அதற்கு முன்பு 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து வண்டி இலக்கம் போட்டார்கள். 1958 ஜனவரி முதல் அதற்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒன்றரை வருஷம். வடக்கில் தமிழரசுக் கட்சி எதிர்ப்புத் தொடங்கியது, தமிழ் எழுத்தில் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினார்கள், தகடுகளில் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் ஏறியது. மலையகத்திலும் பரவியது. ஹட்டனிலிருந்து நோர்வூட் தாண்டிப் போகிற பொகவந்தலாவையில் பொலீஸ் சுட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மே மாதம் நாடு முழுக்கக் கலவரம்.

அடுத்த வருஷம் வந்த நம்ம கார் அந்த எழுத்தோடுதான் வந்தது. இன்று 'ஸ்ரீ நம்பர் வண்டி' என்றால் பழைய கார்க்காரர்களுக்குப் பெருமை, விலையும் கூட. அந்தத் தகட்டை மாமா பித்தளை மாதிரி மினுக்கி வைத்திருக்கிறார். குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துக்காக உயிர் போன இடத்துக்கு இங்கிருந்து ஒரு பஸ்தான்.

தகரம்

இனித் தரைக்கு வரலாம்.

டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த விரிப்பை உரித்தபோது கருப்பாகத் தார். தாரைச் சுரண்டினால் ஒரு தகரத் துண்டு, ஒரு முழ நீளம், ஓரமெல்லாம் ரிவெட். ரிவெட் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். தகரத்தில் மெல்லிய அலை தெரிந்தது, சீரான இடைவெளியில். கூரைத் தகரம். வளைவெல்லாம் தட்டி நிமிர்த்திய லயத்துக் கூரைத் தகரம்.

"எழுவத்தஞ்சி, எழுவத்தாறு இருக்கும்" என்றார் மாமா. "அப்ப தகடு எங்க வாங்குறது? கடையில இல்ல. மழைக்காலத்துல அப்பாவோட காலு ரெண்டும் நனையுமாம், கீழ ரோடு தெரியுமாம். லயத்துக் கூர மாத்துனப்ப கழிச்ச தகரத்துல ஒண்ண எடுத்து வச்சிருக்காரு."

அந்தத் தகரத்தின் மேல் காலை வைத்துத்தான் தாத்தா சிவனொளிபாதமலை சீசனுக்கு டிசம்பரிலிருந்து மே வரைக்கும் நல்லதண்ணிக்கு ஆட்களை ஏற்றினார். மேலே கேரியர் அடித்தார். பனிக்கு மஞ்சள் லைட் பூட்டினார். கதவுத் தூணிலிருந்து வெளியே நீட்டுகிற பழைய சிக்னல் கை உடைந்தபோது, மோட்டார் சைக்கிள் இன்டிகேட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். இன்றைக்குப் பையன்கள் 'மொடிஃபை' என்று சொல்லி வீடியோ போடுகிறார்களே, அதைத் தாத்தா வேறு வழி இல்லாமல் செய்தார்.

வேறு எங்காவது தன் பெயரை ஆணியால் கீறி வைத்திருப்பார் என்று எனக்கு ஆசை. கதவுக்குள்ளே, டேஷுக்குப் பின்னால், டிக்கி மூடிக்கு அடியில், எல்லா இடமும் டோர்ச் அடித்துத் தேடினேன். ஒன்றும் இல்லை. வேலை மட்டும்தான் இருக்கிறது.

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934 இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஓடுகிற பந்தயம், ஏப்ரல் சீசனில் இன்றும் பேசப்படுகிறது. அப்படிப் பந்தயங்களில் யார் எத்தனை விநாடியில் ஏறினார் என்று எழுதி வைப்பார்கள். முதல் நாள் ராத்திரி அந்தக் காருக்கு அடியில் படுத்திருந்தவன் பெயரை யாரும் எழுதுவதில்லை. நான் இதைப் பந்தயக்காரர்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. பழைய கார் பற்றி நாம் பேசுகிற விதமே அப்படி. முதல் ஓனர் யார், எந்த பங்களா, எந்த வருஷம். வண்டியை அறுபது வருஷம் சாகவிடாமல் வைத்திருந்தது யார் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் கிடையாது.

ஒரிஜினல் என்றால்

'ஒரிஜினல்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொரிஸ் மைனர் கிட்டத்தட்டத் தயாரான நேரத்தில் இஸிகோனிஸுக்குக் காரின் அகலம் பிடிக்கவில்லை. மாதிரி வண்டியை நீளவாக்கில் ரெண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளியபோது சரி என்றார். ஆனால் பம்பர்கள் அதற்குள் செய்து முடித்தாகிவிட்டது. அவற்றையும் நடுவில் வெட்டி, ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். பொனட் நடுவில் ஓடுகிற தட்டையான பட்டையும் அந்த நாலு அங்குலத்தின் அடையாளம். அந்த ஒட்டுப்போட்ட கார் சுமார் 16 இலட்சம் விற்றது. கம்பனி போட்ட ஒட்டுக்குப் பெயர் டிசைன். தாத்தா போட்ட ஒட்டுக்குப் பெயர் பழுது.

இன்னொரு கதை. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் சார்ள்ஸ் வேர் என்பவர் மொரிஸ் மைனர்களைத் திருத்தி விற்றுவந்தார். ஒரு காரை வீசாமல் திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பதுதான் சிக்கனம் என்று 1982 இல் புத்தகமே எழுதினார். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கைத் தொழிலதிபர் ஒருவரோடு சேர்ந்து, மொரிஸ் மைனரின் பொடிப் பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழில் தொடங்கினார். அவர் இலங்கையைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் புத்தகமாக எழுதியதை இங்கே பேர் தெரியாத பாஸ்மார் பல வருஷமாகக் கையால் செய்துகொண்டிருந்தார்கள்.

சரி, தகரத்தை என்ன செய்தோம்?

அப்படியே விட்டுவிடலாம் என்று நான் மன்றாடினேன். மாமா கேட்டார், பிறகு சுத்தியலால் ஓரத்தில் லேசாகத் தட்டினார். உதிர்ந்தது. "புள்ள, இதுக்கு மேல ஒருத்தன் குடும்பத்த ஏத்திக்கிட்டு ரம்பொடை வளைவுல இறங்குவான். தரை தாங்கணும். எங்கப்பா இருந்தா அவரே இத வெட்டித் தள்ளிருப்பாரு." அது சரிதான். நாக முலாம் பூசிய தகரத்துக்கு மேல் வெல்டிங் பிடித்தால் வருகிற புகையும் கெட்டது, பிடிப்பும் நிற்காது. பாசத்துக்காக ஓட்டைத் தரையை விற்க முடியாது. ரிவெட்டை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தோம். புதுத் தகடு வெட்டி, வளைத்து, வெல்டிங் பிடித்து, ரெட் ஒக்சைட் அடித்தோம். நிறம் சாம்பல்தான், வாங்குபவர் கேட்டபடி.

ஆனால் மாமா ஒரு வேலை செய்தார். ஒரு ஃபைல் வாங்கிவந்தார். தேய்த்த மட்காட்டின் போட்டோ, நாலு வளையமும் தெரிகிற மாதிரி. தகரத்தின் போட்டோ. பிறகு ஒரு தாளில் என்னை எழுதச் சொன்னார். எந்த வருஷம் யார் என்ன வேலை செய்தார்கள் என்று. தரை, 1970களின் நடுவில், தாத்தா பெயர். வேலை கற்றுக்கொடுத்தவர், நீலகிரிக்குப் போன பெரிய தாத்தா பெயர். நீலம், 1983, தாத்தா பெயர். மிலாறு போட்டு மூடியது, அம்மாயி பெயரும் ஐந்து பெண்கள் பெயரும். அம்மாயி ஒவ்வொரு பெயராக யோசித்து யோசித்துச் சொன்னார். அதில் மூன்று பேர் இப்போது இல்லை. கடைசி வரியில் மாமா பெயர், அதற்குக் கீழே என் பெயர்: தேய்த்தது.

காரை வாங்க வந்தவர் ஃபைலைப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர். இது என்ன என்று கேட்டார். மாமா சிங்களத்தில் சொன்னார், "இதுவும் வண்டிப் புத்தகம்தான் சேர், ரெண்டாவது புத்தகம்." அவர் சிரித்துவிட்டு ஃபைலை முன்சீட்டில் வைத்துக்கொண்டார். அதற்கு என்ன ஆகும் என்று தெரியாது. வழியில் எங்காவது விழலாம். இருந்தாலும் காரோடு போயிருக்கிறது.

தகரம் எங்களிடம் இருக்கிறது. கொட்டகைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்குகிறது.

இதை வாசிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது ஒரு பழைய வண்டி நின்றால், கார், லொறி, லேண்ட் ரோவர், ட்ரக்டர், எதுவானாலும், விற்கிறதுக்கு முன் ஒருதரம் வீட்டில் இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள். யார் வாங்கினது என்று கேட்க வேண்டாம், அது புத்தகத்திலேயே இருக்கும். யார் தட்டினது, யார் பற்ற வைத்தது, யார் தள்ளினது என்று கேளுங்கள். கேட்டு, ஒரு தாளில் எழுதி, டேஷ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நம்ம ஆட்களுக்குத் தாள் கிடைக்க நாற்பது வருஷம் ஆனது. அவர்கள் செய்த வேலைக்காவது நாமே ஒரு தாள் எழுதலாம்.